டீசல் அங்கேயே இருக்கட்டும்

இன்று உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகம் செய்து வைக்கிறேன். பெயர், பயிற்சி முடித்து வந்தவர். எங்கே பார்க்கலாம் என்று கேட்காதீர்கள். மயிலாப்பூர் குளத்தோரம் பஸ்ஸுக்கு நிற்பார், தி.நகரில் வேட்டி வாங்குவார், அடையாறில் நடைப்பயிற்சி போவார். கழுத்தில் பயிற்சி முடிந்து மாதம் ஒன்றாகியும் கழற்றாத அடையாள அட்டை, தோளில் அங்கே இலவசமாகக் கொடுத்த கறுப்புப் பை, கையில் அங்கேயே கொடுத்த தண்ணீர் பாட்டில், முகத்தில் நம்மையெல்லாம் பார்த்து ஒரு பரிதாபம். போகும்போது மனிதராகத்தான் போவார். வரும்போது சான்றிதழாக வருவார்.

இதில் பல வகை உண்டு. முதலுதவிப் பயிற்சி எடுத்தவர் நாம் தும்மினால்கூடத் தரையில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிப்பார். நேரத்தை மிச்சம் பிடிக்கும் பயிற்சிக்குப் போனவர் அதைப் பற்றிச் சொல்லியே நம் அரை நாளைத் தின்பார். இவர்களெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் வேறு இடத்தில் நடக்கிறது. ராணுவ இடங்களில் சுற்றுச்சூழல் சுத்திகரிப்பும் அபாய மதிப்பீடும் என்று ஒரு பயிற்சி இருக்கிறது பாருங்கள், அதை முடித்து வந்தவரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவள் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

அது என்ன படிப்பு என்கிறீர்களா? எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். ராணுவம் ஓரிடத்தில் வருஷக்கணக்கில் துப்பாக்கி சுட்டுப் பழகியிருக்கும். எரிபொருள் தொட்டி வைத்திருக்கும். வண்டி பழுது பார்த்திருக்கும். தோட்டாவின் ஈயம் மண்ணில் கிடக்கும், எண்ணெய் தரைக்குள் இறங்கியிருக்கும், வெடிக்காத குண்டுகூடப் புதைந்திருக்கலாம். அந்த இடத்தை வேறு எதற்காவது பயன்படுத்துவதற்கு முன்னால், அங்கே என்ன இருக்கிறது, அது யாரைத் தாக்கும் என்று கணக்குப் பார்த்து, பிறகு சுத்தம் செய்ய வேண்டும். நல்ல வேலை. நாட்டுக்குத் தேவையான வேலை. அந்தப் பயிற்சியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது முடிந்து வீட்டுக்கு வருகிறவர் மேல்தான்.

எங்கள் வீட்டுக்காரர் ஸ்ரீஹரிக்கு கிண்டியில் ஆபீஸ். கம்பெனிக்கு ஏதோ பெரிய ஒப்பந்தம் வரப்போகிறது என்று சொல்லி அவரை வடக்கே எங்கோ ஒரு பழைய துப்பாக்கிப் பயிற்சி மைதானத்துக்கு இரண்டு வாரம் அனுப்பி வைத்தார்கள். திரும்பி வந்த அன்றைக்கே, ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால், வாசலில் நின்று வீட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறந்த வீட்டிலிருந்து நான் திரும்பி வந்தால் சமையலறையை அப்படித்தான் பார்ப்பேன். ஆனால் நான் பார்த்த கையோடு தேய்க்க ஆரம்பித்துவிடுவேன். அவர் அபாயத்தின் அளவுக்கு ஏற்றபடி வண்ணம் கொடுத்தார். காஸ் அடுப்பு சிவப்பு. குளியலறை வாசல் மஞ்சள். அவர் உட்காரும் நாற்காலி பச்சை.

இந்த இனத்தின் வேதம் மூன்றே வார்த்தை. அழுக்கு, அது வருகிற வழி, அது போய்ச் சேருகிற ஆள். மூன்றாவதற்கு ரிசெப்டர் என்று பெயர். மூன்றில் ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டால் அபாயம் பூஜ்யமாம். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது? ஆனால் இந்த இனம் அந்த முதலாவதை மட்டும் எடுக்கவே எடுக்காது. ஏனென்றால் அதற்குத்தான் குனிய வேண்டும்.

அப்புறம் அவர்களுடைய கணக்கு. ஒரு குழந்தை தினமும் ஒரு சிட்டிகை மண் தின்கிறது, ஒரே வீட்டில் முப்பது வருஷம் குடியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்களாம். எந்தத் தாய்க்காரி முப்பது வருஷம் மண் தின்னப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று கேட்டேன். அது அசம்ப்ஷன் என்றார். மெட்ராஸில் வாடகை வீட்டில் முப்பது வருஷம் எந்த ஹவுஸ் ஓனர் விட்டு வைப்பார் என்று கேட்டேன். அதற்குப் பதில் பயிற்சியில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

அடிபிடித்த பால் பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டால், நான் சோம்பேறி. இத்தனை வருஷமாக அப்படித்தான். பயிற்சிக்குப் பிறகுதான் தெரிந்தது, ஓர் அழுக்கை அப்படியே விட்டுவிட்டு, அது தானாகக் குறைகிறதா என்று அவ்வப்போது எட்டிப் பார்ப்பதற்கு உலகம் முழுக்க ஒரு கௌரவமான பெயர் இருக்கிறதாம். அதைச் செய்பவருக்குச் சம்பளமும் உண்டாம். அன்றிலிருந்து அவர் குடித்த காபி டம்ளரை அவர் கழுவுவதில்லை. கண்காணிக்கிறார்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தவரை சிரித்துக்கொண்டிருந்தோம். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அது வெளியே வந்தது.

எங்கள் குடியிருப்பு மந்தைவெளிப் பக்கம். பின்புறம் ஜெனரேட்டர். அதற்கு நாலடி தள்ளித் தரைக்குள் சம்ப், குடியிருப்புக்கே தண்ணீர் தருகிற தொட்டி. அதன் மூடி சரியாக உட்காராது, ஓரத்தில் விரல் போகும். சம்ப்பை ஒட்டியே கீழ்வீட்டுத் தங்கபுஷ்பம் அக்காவின் சமையலறை ஜன்னல். அக்காவுக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். கணவர் போன பிறகு இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறார். எங்கள் தெருவும் அடுத்த தெருவும் காலையில் சாப்பிடுவது அக்காவின் மாவைத்தான். இரண்டு நாள் மாவு இல்லை என்றால் ஜனங்கள் கடையில் பாக்கெட் மாவு வாங்கிப் பழகிவிடுவார்கள், பழகினவர்கள் திரும்ப மாட்டார்கள். அக்காவுக்கு அது தெரியும். அதனால்தான் காய்ச்சலோடும் அரைப்பார்.

அந்தச் சனிக்கிழமை கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும்போது கேன் சாய்ந்தது. பாதி கேன் டீசல் சிமென்ட் மேலும் அதை ஒட்டிய மண்ணிலும் பரவி, சம்ப் மூடிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. தரையின் சரிவு சம்ப்பைப் பார்த்துத்தான் இருக்கிறது. மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு நல்ல மழை பெய்தால் அவ்வளவும் சம்ப்புக்குள் போகும். சம்ப்பில் டீசல் இறங்கினால் மாடி வீட்டுக்காரர்களுக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை. தங்கபுஷ்பம் அக்காவுக்குப் பிழைப்பே இல்லை.

நான் ஒரு பக்கெட் தண்ணீரும் சோப்புத் தூளும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஸ்ரீஹரி மாடிப்படியிலேயே மறித்தார். தண்ணீர் ஊற்றினால் அதுவே டீசலை சம்ப்புக்குள் தள்ளிவிடும், உலர்ந்த மணலைப் போட்டு உறிஞ்ச வைத்து, மண்ணைச் சுரண்டி எடுத்து, மூடியுள்ள பாத்திரத்தில் அடைக்க வேண்டும் என்றார். சரியான பேச்சு. அவர் மறிக்காவிட்டால் காரியத்தை நானே கெடுத்திருப்பேன். பயிற்சியில் முதல் நாளே இதைச் சொல்லித் தந்தார்களாம்.

"சரி, அப்ப அதைச் செய்யுங்க" என்றேன்.

கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரைக் கூப்பிட்டுப் பந்தி பரிமாறச் சொன்னால் எப்படிப் பார்ப்பார்? அப்படிப் பார்த்தார்.

"நான் மதிப்பீடு. சுத்தம் பண்றது அடுத்த கட்டம்" என்றார்.

அடுத்த கட்டத்துக்கு யார் வருவார்? அது இந்த இனத்துக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மேலே போய் அந்தக் கறுப்புப் பையிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நாடாவை எடுத்து வந்து, ஜெனரேட்டரிலிருந்து துணி காயப்போடும் கம்பம் வரை, அங்கிருந்து அக்காவின் ஜன்னல் கம்பி வரை கட்டினார். யாரும் உள்ளே வரக் கூடாது, எதையும் தொடக் கூடாது. தொட்டால் ஆரம்ப நிலைமை கெட்டுவிடுமாம். பிறகு படம் எடுத்தார். நின்று எடுத்தார், குந்தி எடுத்தார், அளவு தெரிவதற்காக என் தோசைத் திருப்பியைப் பக்கத்தில் வைத்து எடுத்தார். இதற்கெல்லாம் குனிந்தார் பாருங்கள், அந்தக் குனிவிலேயே பாதி மண்ணை அள்ளியிருக்கலாம்.

அன்று வானம் கறுத்ததோடு சரி, மழை வரவில்லை. மறுநாள் மாலை கார் பார்க்கிங்கின் திறந்த ஓரத்தில் அசோசியேஷன் கூட்டம். செக்ரட்டரி ஜவஹர் சார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு தனி இனம், வேறு நாள் கேட்டால் சொல்கிறேன். வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து ஸ்ரீஹரி விளக்கினார். படத்தில் எங்கள் குடியிருப்பு இருந்தது. அம்புக்குறிகள் இருந்தன. மழை நீல அம்பு, டீசல் கறுப்பு அம்பு. கறுப்பு அம்பு போய் முட்டிய இடத்தில் ஒரு குட்டி மனித உருவம். அது தங்கபுஷ்பம் அக்கா.

மூன்று வழி சொன்னார். ஒன்று, மண்ணை அள்ளி அப்புறப்படுத்துவது. இரண்டு, மேலே சிமென்ட் போட்டு மூடுவது. மூன்று, ஆளை வழியிலிருந்து விலக்குவது. சம்ப் தண்ணீரை வாயில் படுகிற மாதிரி அதிகம் பயன்படுத்துவது கீழ்வீட்டு கிரைண்டர்கள்தான், மற்ற வீடுகளில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர், ஆகவே மறு பரிசீலனை வரை கிரைண்டர்களை நிறுத்தி வைத்தால் ரிசெப்டர் இல்லை, ரிசெப்டர் இல்லை என்றால் ரிஸ்க் இல்லை. மூன்றாவது வழிக்கு மண்வெட்டி வேண்டாம், ஆள் வேண்டாம், ஒரு போர்டு போதும். ஜவஹர் சாருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இல்லை என்று அவரே முடித்துவைத்தார்.

தங்கபுஷ்பம் அக்கா கைகட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"என்னைய அப்புறப்படுத்திட்டா டீசல் தானா போயிருமா தம்பி?"

டீசல் போகாது, அபாயம் போய்விடும் என்று ஸ்ரீஹரி பொறுமையாக விளக்கினார். பயிற்சி முடித்தவரின் பொறுமை இருக்கிறதே, அது வேறு. எதிராளிக்குப் புரியும் வரை பேசுவார். தனக்குப் புரியும் வரை பேச மாட்டார்.

"மாவு அரைக்கிறவள நிறுத்திட்டீய. மழைய யாரு நிறுத்துவா?" என்றார் அக்கா.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் தேவானை படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஊருக்கு வெளியே எங்கோ ஓர் அடுக்குமாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். என் காதருகே சொல்கிற பாவனையில், எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எங்களயும் இப்டித்தாம்மா. ஆத்த கிளீன் பண்ணப் போறோம்னு சொல்லி எங்கள வண்டில ஏத்தி அந்தாண்ட வுட்டுட்டாங்கோ. ஆறு அங்கியேதான் கீது, அதே நாத்தத்தோட. நாங்கதான் இல்ல. சாரு பெரிய ஆளா வருவாரு, நீ வேணா பாரு."

யாராவது கூனிக் குறுகியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? மூன்றாவது வழிக்கு இது பொருத்தமான உதாரணம் என்று ஸ்ரீஹரி தலையாட்டினார். இந்த இனத்தைக் குத்தவே முடியாது. குத்தினால் உள்ளீடு என்று எடுத்துக்கொள்ளும்.

அப்போது லேப்டாப் மேல் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஜவஹர் சார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நகர்ந்தார். எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? பையைத் திறந்து இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்தார்.

"நல்லவேளை, மழை வருது. சம்ப் தண்ணியில இப்ப ஒண்ணு, மழை விட்டதும் ஒண்ணு எடுத்தா, டீசல் இறங்கினதைத் தெளிவா காட்டிடலாம்."

"முதல்ல மண்ணை அள்ளிடலாம்ங்க" என்றேன்.

"இப்ப அள்ளிட்டா அபாயம் இருந்துச்சுன்னு நான் எப்படி நிரூபிக்கிறது?"

இந்த வாக்கியத்தை எங்காவது பத்திரமாக எழுதி வையுங்கள். இந்த இனத்தின் எலும்பு இதில்தான் இருக்கிறது. அபாயம் வரும் என்று சொன்னவர் அவர். வராமல் போனால் சொன்னது பொய்யாகிவிடுமே என்று கவலைப்படுகிறவரும் அவரே. நோயாளி பிழைத்துவிட்டால் வியாதிக்குத் தான் வைத்த பெயர் தப்பாகிவிடுமே என்று பயப்படும் டாக்டரிடம் நீங்கள் போவீர்களா? நாங்கள் அப்படியொருவரைக் கூட்டம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தங்கபுஷ்பம் அக்கா கட்டியிருந்த கையைப் பிரித்தார். வீட்டுக்குள் போனார். உளுந்து வந்த சாக்குகளை ஒரு கையிலும் முறத்தை இன்னொரு கையிலுமாக எடுத்துக்கொண்டு வந்து, நாடாவைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, உள்ளே போய்க் குந்தினார். தேவானை புடவையைத் தூக்கிச் செருகினாள். படிக்கட்டுப் பூச்சுக்கு வந்து மிச்சமான மணல் பார்க்கிங் மூலையில் இருந்தது, அதை நான் சட்டியில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினேன். மணல் டீசலைக் குடித்துக் கறுத்தது. சாக்கை விரித்து மிதித்து மிச்சத்தை ஒற்றினோம். கறுத்த மண்ணைச் சுரண்டி, வெள்ளையடித்தபோது மீந்த பெயிண்ட் பக்கெட்டுகளில் போட்டோம்.

நாடாவுக்கு வெளியே நின்றுகொண்டு ஸ்ரீஹரி எங்களுக்குக் கையுறை எறிந்தார். வெறுங்கையால் தொடாதீங்க. கீழே ஈரம் தெரியுது, இன்னும் கொஞ்சம் ஆழமா எடுங்க. பக்கெட்டை வழிய வழிய ரொப்பாதீங்க. எல்லாம் சரிதான். ஒவ்வொரு சொல்லும் சரி. வாயால் இருபது ஆள் வேலை பார்த்தார். சம்ப் மூடி மேல் தார்ப்பாயைப் போட்டு ஓரங்களில் செங்கல் வைத்து, கடைசி பக்கெட்டை மூடும்போது மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது. பார்க்கிங்கில் நின்ற கூட்டம் கைதட்டியது. ஜவஹர் சார் கூட்டம் வெற்றிகரமாக முடிந்தது என்று அறிவித்தார்.

அன்றிரவு அக்கா கேன் தண்ணீர் வாங்கி மாவு அரைத்தார். சம்ப் தண்ணீரை ஸ்ரீஹரி பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்த அன்று போனைக் காதில் வைத்தபடி முகம் வாடிப் போயிற்று.

"ஒண்ணுமே இல்லையாம்" என்றார், துக்கம் சொல்லி அனுப்புகிற குரலில்.

கதை இத்தோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பக்கெட்டுகள் இருக்கின்றன அல்லவா? டீசல் ஊறிய மண், குப்பை வண்டியில் போட முடியாது, அதற்கென்று உரிமம் உள்ளவர்கள் வந்து எடுக்க வேண்டும். யார் அவர்கள்? விசாரிக்க வேண்டும், எழுதிக் கேட்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், அதுவரை ஜெனரேட்டருக்குப் பின்னால் அடுக்கி ஒரு போர்டு மாட்டினால் போதும் என்றார் எங்கள் வீட்டுக்காரர். ஜெனரேட்டருக்குப் பின்னால் என்றால் அக்காவின் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கூட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, அவர் ஆபீஸ் விட்டு வந்தபோது, பார்க்கிங்கில் அவர் கார் நிறுத்துகிற இடத்தில் பக்கெட்டுகள் வரிசையாக நின்றன. சுற்றி அவருடைய நாடாவையே கட்டியிருந்தோம். மேலே வந்தார்.

"கீழே என்ன அது? நான் வண்டியை எங்கே விடறது?"

"ஆளை விலக்கிட்டா ரிஸ்க் இல்லைங்க. தெருவில விடுங்க" என்றேன். "மறு பரிசீலனை வரைக்கும்தான்."

தெருவில் காக்கைகள் அடைகிற மரம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ்தான் இடம் கிடைத்தது. காலையில் போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தவர், ஷூவோடு நின்றுகொண்டே யாருக்கோ போன் செய்தார். பயிற்சியில் கூடப் படித்தவராம், இந்த மாதிரி மண்ணை எடுத்துப்போகிற கம்பெனியிலேயே வேலையாம், நம்பர் முதல் நாளிலிருந்தே போனில் இருந்ததாம். அன்று சாயங்காலமே வண்டி வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு பக்கெட்டுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிற்று. மாதக்கணக்கு வேலை ஒரு பகலில் முடிந்தது. ஏன் என்று உங்களுக்கு நான் அம்புக்குறி போட்டு விளக்க வேண்டுமா?

இப்போது அவரை அடுத்த பயிற்சிக்குப் பாடம் நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள். படங்களில் ஒன்றில் நாங்கள் மூன்று பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருக்கிறோம். கீழே சமூகப் பங்கேற்பு என்று எழுதியிருக்கிறார். இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது. தங்கபுஷ்பம் அக்காவிடம் காட்டினேன். முறம் நன்றாக விழுந்திருக்கிறது என்றார். அன்றைக்கும் மாவு தீர்ந்துவிட்டது, இரண்டு பேர் வெறும் தூக்கோடு திரும்பிப் போனார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நான் அந்த இனம் இல்லை, எனக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது, யார் என்னை வடக்கே அனுப்பினார்கள் என்று உங்களுக்குள் நினைத்துக்கொள்கிறீர்கள். ஒரே ஒரு கேள்வி. உங்கள் தெருவில் ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது, ஒரு காலத்தில் அது உங்கள் வாசலுக்கு நேரே நாறிக்கொண்டிருந்தது. காலங்கார்த்தாலே யாரும் எழுந்திருக்காத நேரத்தில், காலால் ஒரு தள்ளு தள்ளி அதைப் பக்கத்து வீட்டு வாசலுக்கு நகர்த்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து நிம்மதியாகக் காபி குடித்தீர்களே, அது எந்த வருஷம்?

உங்களுக்குச் சான்றிதழ் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். முகவரியைச் சொல்லுங்கள், எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன்.